செம்பில் ஏறிய களிம்பு

பழங்கணினிகளைப் பழுதுபார்ப்போரைக் கண்டு நகைப்பது எளிது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விற்ற ஒரு பெட்டி. இன்றைய கைப்பேசியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. அதன் உள்ளே இருக்கும் சுண்டுவிரல் நகத்தினும் சிறிய உருளைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்துவதற்காக ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிடுகிறார். இதனால் யாருக்கு என்ன பயன் என்று வினவுவோர் இலக்கிய அன்பர்களிடையேயும் உண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு வினவியவரே. அந்த வினா தவறானது என்பதும், ஓலைச்சுவடிகளின் வரலாறு அறிந்தோர் கேட்கவே கூடாதது என்பதும் இன்று நம் கருத்து. அதற்கான காரணங்களை இங்கு முன்வைக்கிறோம்.

முதலில் நோய் எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சிறு பொழுது தேக்கி வைத்து, வேண்டும்போது வழங்கும் உறுப்பு. ஆற்றில் நீர் கூடியும் குறைந்தும் வந்தாலும் வாய்க்காலில் சீராகப் பாய ஏரி உதவுவது போல, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களை அது சமன்செய்கிறது. கணினிகளில் பெரிதும் காணப்படுவது அலுமினிய மின்பகுளி வகை. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு இடையே மின்பகுளித் திரவத்தில் ஊறிய தாளை வைத்துப் பாயைப் போலச் சுருட்டி, ஓர் உருளைக்குள் செருகி, அடியை ரப்பரால் அடைத்திருப்பார்கள். ஒரு தகட்டின் மேல் படிந்துள்ள மிக மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பு. ஈரம் உள்ளவரைதான் இதற்கு வாழ்வு. ஈரம் உலர்ந்தால் தேக்கும் திறன் குறையும். உள்ளேயுள்ள மின்தடை ஏறும். வெப்பம் இதன் பகை. 105 பாகை செல்சியசில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, வெப்பம் ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஏறத்தாழ இருமடங்கு காலம் உழைக்கும் என்பது துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. ஆக, இவ்வுறுப்பு என்றும் நிலைக்கும் என்று இதைச் செய்தவர்களே கூறவில்லை.

உலர்வதோடு நின்றால் கேடு சிறிது. கசியும்போதுதான் பெருங்கேடு. 1980களின் இறுதியில், உறுப்புகளைத் துளையில் செருகாமல் பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் முறை பரவியது. அதற்கென்று செய்யப்பட்ட குட்டையான மின்தேக்கிகளின் ரப்பர் அடைப்பு காலப்போக்கில் தளர்ந்து உள்ளிருக்கும் திரவத்தை வெளியே விட்டது. 1989 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷ் எஸ்இ/30 இதற்கு நல்ல சான்று. அதன் தாய்ப்பலகையிலுள்ள 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் உருளைகள் கசிந்தால் முதலில் ஒலி மங்கும். பின் ஒலி அற்றுப்போகும். பின்னர் ஒருநாள் இயக்கியவுடன் திரையில் வெறும் கோடுகளே தோன்றும். 1992இல் வெளிவந்த அமிகா 600, அமிகா 1200 ஆகியவற்றுக்கும் இதே நோய் உண்டு. கசிந்த உருளையின் அடியில் பற்றவைப்புக் கோலை வைத்தால் அழுகிய மீனின் நாற்றம் எழும். கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் அந்த நாற்றம் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பர் பழுதுபார்ப்போர்.

செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தம் பயின்றோர் நன்கறிந்த உவமை. செம்பு உள்ள அன்றே களிம்பும் உள்ளது. அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று என்பது அதன் பொருள். நாம் பேசும் களிம்போ வந்தேறியது. கசிந்த திரவம் முடியினும் மெல்லிய செப்புத் தடங்களின் மேல் படர்ந்து, பச்சை பூத்து, ஈற்றில் தடத்தையே அறுத்துவிடுகிறது. ஒரு தடம் அறுந்தால் ஒரு சில்லு ஊமையாகும். ஒரு சில்லு ஊமையானால் இயந்திரம் இறந்ததாகவே பொருள். பெட்டியைத் திறவாமல் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று எண்ணியிருப்போர், உண்மையில் இக்கேட்டுக்கு நாளும் இடம்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா மின்தேக்கிகளும் ஒரே வகையில் மடிவதில்லை. 1981இல் வெளிவந்த பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்கு வைத்த தாள் மின்தேக்கிகளின் மேலுறை நாளடைவில் விரிசல் விட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பல ஆண்டுகள் கழித்து ஆவலோடு மின்னிணைப்புக் கொடுத்தவுடன் அவை வெடித்து வீடெங்கும் புகையைப் பரப்பும். அதே ஆண்டு வெளியான ஐபிஎம் பிசியின் டாண்டலம் மின்தேக்கிகளோ உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டுப் பட்டென்று வெடிக்கும். 1999 தொடங்கி 2007 வரையான காலத்தில் உலகெங்கும் விற்ற எண்ணற்ற கணினிகளில் வேறொரு கொள்ளைநோய் கண்டது. மின்பகுளியின் சேர்மானம் பிழைபட்டதால் உள்ளே ஹைட்ரஜன் வளி உண்டாகி, உருளைகளின் தலை உப்பி, வெடித்து, பழுப்புத் திரவம் வடிந்தது.

இக்கொள்ளைநோயை நாம் நேரில் கண்டிருக்கிறோம். கண்டும் அறியாதிருந்தோம் என்பதே சரி. நாம் ஆய்வு மாணவராக இருந்த தமிழ்த் துறையில் ஒரேயொரு கணினி இருந்தது. மூத்த மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று ஒலிநாடாவில் பதிந்து வந்த ஒப்பாரிகளையும் நடவுப் பாடல்களையும் மூன்று ஆண்டுகள் அதில் தட்டெழுதி வைத்திருந்தார்கள். 2006இல் அக்கணினி தானே அணைந்து அணைந்து எரிந்து, ஒருநாள் அடியோடு நின்றது. பார்க்க வந்தவர் மூடியைத் திறந்து, ‘போர்டு போச்சு’ என்ற இரண்டே சொற்களில் தீர்ப்பளித்தார். சில வாரங்கள் மூலையில் கிடந்த பெட்டி, பழைய நாற்காலிகளோடு சேர்ந்து காயலான் கடைக்குச் சென்றது. ஒலிநாடாக்களோ அதற்கு முன்பே வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டுவிட்டன.

பல ஆண்டுகள் கழித்து, தலை உப்பிய மின்தேக்கிகளின் படம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டபோதுதான் அன்று திறந்த பெட்டிக்குள் நாம் கண்டது என்னவென்று விளங்கியது. சில ரூபாய் விலையுள்ள நான்கைந்து உருளைகளை மாற்றியிருந்தால் அது மீண்டும் இயங்கியிருக்கக் கூடும். அது போகட்டும், வன்வட்டை மட்டும் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தியிருந்தாலே போதும். மின்தேக்கி உப்புவதால் வன்வட்டில் எழுதியது அழிவதில்லை என்ற சிறு செய்தி அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாடல்களைப் பாடிய மூதாட்டியருள் பலர் இன்று இல்லை. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டார்களே என்று வகுப்பில் மாணவரிடம் வருந்திச் சொல்லும்போதெல்லாம், அந்தப் பெட்டியின் நினைவு வந்து நம் நாவைத் தடுக்கிறது.

இனி, இப்பணிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம்.

எமுலேட்டர் என்னும் போன்மி மென்பொருள் இருக்கும்போது பழைய இயந்திரம் எதற்கு என்பது முதல் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சல்மான் ருஷ்டியின் தாள்களோடு அவர் பயன்படுத்திய ஆப்பிள் கணினிகளையும் அட்லாண்டாவிலுள்ள எமோரி பல்கலைக்கழகம் 2006இல் பெற்றது. 2010இல் அத்தொகுப்பு திறக்கப்பட்டபோது, அவருடைய பெர்ஃபார்மா 5400 கணினியின் சூழலை வாசகர்கள் போன்மி வழியாகவே கண்டனர். எழுத்தாளரின் கோப்புகளை அவர் கண்ட வடிவிலேயே காண்பது பெரும்பேறு. எனினும், போன்மிக்கு உணவு வேண்டும். கோப்புகள் பழைய வட்டுகளிலிருந்து பிழையின்றி எடுக்கப்பட்ட பிறகே அது தொழிற்படும்.

அங்குதான் பழைய இயந்திரம் பாலமாகிறது. தொடக்ககால மெக்கின்டாஷ்களின் 400, 800 கிலோபைட் நெகிழ்வட்டுகள், தலை நிற்கும் தடத்துக்கேற்பச் சுழற்சி வேகம் மாறும் முறையில் எழுதப்பட்டவை. பிற கணினிகளில் இருந்த வழக்கமான நெகிழ்வட்டு இயக்கி அவற்றைப் படிக்காது. மேலே சொன்ன எஸ்இ/30 அவற்றையும் படிக்கும். பிற கணினிகளுக்கும் பொதுவான 1.44 மெகாபைட் வட்டிலும் எழுதும். ஒரு கையில் பழையதையும் மறு கையில் புதியதையும் பற்றி நிற்கும் இத்தகைய இயந்திரம் ஒன்றை உயிர்ப்பித்தால், பல பெட்டிகளில் உறங்கும் வட்டுகளுக்கு வழி பிறக்கும். போன்மியை எழுதுவோரும் தம் ஆக்கம் சரியா என்று ஒப்புநோக்க இயங்கும் மூலத்தையே நாட வேண்டியிருக்கிறது. மூலச்சுவடி இல்லாமல் பதிப்பைச் சரிபார்க்க இயலுமா?

இரண்டாவது வாதம் தூய்மையாளருடையது. பழம்பொருளின் உறுப்பை மாற்றினால் அது பழம்பொருள் ஆகாது என்பர் அவர். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இது பொருந்தலாம். மின்தேக்கியோ விளக்கின் திரியைப் போன்றது; தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. பாட்டியின் குத்துவிளக்கில் பாட்டி இட்ட திரியே கிடக்க வேண்டும் என்று யாரும் கோருவதில்லை. மேலும், கசியும் மின்தேக்கியை அதன் இடத்திலேயே விட்டுவைப்பது பழமையைக் காப்பதும் ஆகாது. ஓர் உறுப்பின் பொருட்டு எஞ்சிய நூறு உறுப்புகளையும் அழியவிடுவதாகும். ஓலை அழியும் என்று அறிந்தே நம் முன்னோர் ஏடு பெயர்த்து எழுதினார்கள். அவர்கள் ஓலையைப் போற்றவில்லை. ஓலையில் இருந்ததைப் போற்றினார்கள்.

எனினும், தூய்மையாளரின் அச்சம் முழுதும் வீண் என்று நாம் கூறவில்லை. அவருக்கு நேர் எதிரே நிற்பவர் அவரினும் ஆபத்தானவர். கண்ணில் பட்ட மின்தேக்கியை எல்லாம் பிடுங்கி எறியும் ஆர்வலரைச் சொல்கிறோம். நல்ல தரத்தில் செய்து துளையில் செருகிய மின்தேக்கிகள் பல, நாற்பது ஆண்டுகள் கழிந்தும் குறித்த அளவில் நிற்பதுண்டு. அளந்து பார்க்காமல் அவற்றைப் பிடுங்கும்போது செப்புத் திட்டும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. பழைய ஏட்டில் பொருள் விளங்காத சொல்லை எல்லாம் தம் விருப்பத்துக்குத் திருத்திய பதிப்பாசிரியரை நாம் அறிவோம். இவர் அவருக்கு உடன்பிறந்தவர்.

கண்மூடி மூலத்தைப் பின்பற்றுவதும் தீர்வன்று. 1993இல் வெளிவந்த மெக்கின்டாஷ் எல்சி 3இன் பலகையில் சி22 என்னும் மின்தேக்கிக்குரிய இடத்தில் நேர்முனைக் குறி தலைகீழாக அச்சாகியிருக்கிறது. எதிர் 5 வோல்ட் தடத்தில் இருக்கும் அவ்வுறுப்பைத் தொழிற்சாலையிலேயே மாற்றிப் பொருத்திவிட்டார்கள். 16 வோல்ட் தாங்கும் அலுமினிய மின்தேக்கி அப்பிழையைப் பொறுத்துக்கொண்டது. குறியை நம்பி அதே திசையில் டாண்டலம் வகையைப் பொருத்தினால் அது பொறுக்காது, வெடிக்கவும் கூடும். இதனை ஏட்டுப் பிழை என்று அழைப்பதில் நமக்குத் தயக்கமில்லை. மூலத்தில் இருக்கிறது என்பதற்காகப் பிழை பாடமாகிவிடாது. சுற்றின் இலக்கணம் அறிந்தவரே அதைக் கண்டு திருத்த இயலும்.

ஆகவே, நல்ல பதிப்பாசிரியருக்குரிய ஒழுக்கமே பழங்கணினி பழுதுபார்ப்போருக்கும் வேண்டும் என்கிறோம். தொடுமுன் பலகையைப் படமெடுக்க வேண்டும். அளந்து பார்த்தும் அவ்வகையின் வரலாறு அறிந்தும் நோயுற்றதை மாற்ற வேண்டும். கசிந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். கழற்றியவற்றை உறையிலிட்டு, எது எவ்விடத்தது, எந்நாளில் மாற்றியது என்று எழுதிப் பெட்டியோடு வைக்க வேண்டும். பின்வருவோர் அதைப் பார்த்து நம் பிழையைத் திருத்துவர். ஓர் எச்சரிக்கையும் உண்டு. படக்குழாய் உள்ள கணினியில், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். கற்றவர் துணையின்றி அதனுள் கைவைத்தல் ஆகாது.

பழுதுபார்க்கும் திறன் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. நமக்கும் அது வாய்க்கவில்லை. ஆனால் எல்லோரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ துறையிலோ பழைய கணினி இருந்தால், ஆவலில் உடனே மின்னிணைப்புக் கொடுக்காதீர்கள். அலுத்துப்போய் எறிந்தும் விடாதீர்கள். உள்ளே பழைய மின்கலம் இருந்தால் முதலில் அதை அகற்றச் சொல்லுங்கள்; அமிகா 500 பிளஸ் போன்றவற்றில் அம்மின்கலத்தின் கசிவே மின்தேக்கியை முந்திக்கொண்டு பலகையைத் தின்றிருக்கிறது. பிறகு, அதனுள் யார் எதை எழுதினார்கள் என்று ஒரு சொல் கேளுங்கள். அன்று எங்கள் துறையில் அந்த ஒரு சொல்லைக் கேட்க ஒருவரும் இல்லை.