மலாக்காவில் மூன்று நாள், ஒரே மேசையில்



நம் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நீண்ட விடுமுறை என்பது ஆண்டில் சில முறைதான் வாய்க்கிறது. மே 1, ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 ஆகிய நாட்களில் ஏதேனும் ஒன்று வெள்ளியிலோ திங்களிலோ வந்துவிட்டால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைக்கும். உடனே வீட்டில் பேச்சு எழும்: "இந்தத் தடவை எங்கே போகலாம்?" பிள்ளைகள் பெரும்பாலும் மலாக்கா என்றுதான் சொல்வார்கள். நல்ல யோசனைதான். 1989ல் வரலாற்று நகரமாக அறிவிக்கப்பட்டு, 2008ல் ஜோர்ஜ் டவுனோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்ற ஊர் அல்லவா!

ஆனால், போய்வந்த பிறகு "இளைப்பாறப் போய்க் களைத்துத் திரும்பினோம்" என்று முணுமுணுக்கும் குடும்பங்களே அதிகம். அதைவிட வருத்தமான ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

தோட்டத்தில் எங்கள் லயத்தில் அடுத்த வீடு ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். பெருநாளுக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் எங்களுக்கு வரும். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அவர்களுக்குப் போகும். தோட்டம் கைமாறியதும் அவர்கள் ஒரு தாமானுக்கும் நாங்கள் ஒரு அடுக்குமாடிக்குமாகப் பிரிந்துவிட்டோம். பல ஆண்டு கழித்து இரு குடும்பமும் சேர்ந்து மலாக்கா போனோம். வேன் பிடித்தது, அறை எடுத்தது எல்லாம் எங்கள் பொறுப்பு. சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் நினைக்கவில்லை. பகல் ஒரு மணிக்குக் கண்ணில் பட்ட கடையில் நுழைந்து உட்கார்ந்தோம். அந்த அக்கா சுவரைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், மெதுவாகச் சொன்னார்: "நீங்க சாப்பிடுங்கம்மா, எங்களுக்கு அவ்வளவா பசியில்லை." அடுத்த கணமே அவருடைய சின்ன மகள், "அத்தா, எனக்குப் பசிக்குது" என்றாள். அன்று எங்கள் வாயில் சோறு இறங்கவில்லை. அவர்கள் போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்காத எங்கள் மேல்தான் குற்றம். ஆகவே இந்த மாதம், யாரும் பட்டினியாக உட்காராமல், யாருக்கும் கால் வீங்காமல் மலாக்கா போய்வருவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சாப்பாடு. ஹலால் என்றால் பன்றி இறைச்சி இல்லை என்பது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. கோழியானாலும் ஆடானாலும் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். பன்றிக் கொழுப்பும் மதுவும் சமையலில் சேரக்கூடாது. சட்டி, கரண்டியும் அவற்றோடு புழங்கியதாக இருக்கக்கூடாது. "பன்றி இறைச்சி இல்லை" என்று கடை வாசலில் எழுதியிருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. ஜாக்கிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது முஸ்லிம்கள் நடத்தும் கடையாகப் பார்த்துப் போங்கள்.

அதேபோல் நம் பக்கத்திலும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர், குறிப்பிட்ட கிழமைகளில் மரக்கறி மட்டுமே சாப்பிடுபவர் உண்டு. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பொதுவான மேசை தானே அமைந்துவிடும். மலாய்க்காரர் கடையில் கிடைக்கும் அசாம் பெடாஸ் மலாக்காவின் பெயர்பெற்ற சாப்பாடு. புளியும் மிளகாயும் சேர்ந்த மீன் குழம்புதான் அது. நம் நாக்குக்கு அந்நியமில்லை. குலா மலாக்கா ஊற்றிய செண்டோலைக் குடிக்காமல் வராதீர்கள். கோழிச்சோற்று உருண்டையும் ஞோஞ்ஞா சாப்பாடும் வேண்டுமென்றால் கடையை விசாரித்துக்கொண்டு போங்கள். இவற்றை விற்கும் கடைகள் எல்லாமே ஹலால் அல்ல. ஞோஞ்ஞா சமையலில் பன்றி இறைச்சியும் உண்டு.

அடுத்தது தங்குமிடம். இரு குடும்பம் என்றால் ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது நல்லது. முஸ்லிம்களுக்குச் சொந்தமான ஹோம்ஸ்டே வீடுகளில் பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். அங்கே அடுப்படியில் இருவரும் தயக்கமின்றிச் சமைக்கலாம். காலைப் பசியாறலை வீட்டிலேயே முடித்துக்கொண்டால் செலவும் மிச்சம். அந்த மூன்று நாளும் மாட்டிறைச்சி வேண்டாம் என்று அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். பீர் போத்தலை நம்மவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்!

இனிப் பயணம். மலாக்கா பட்டணத்துக்கு இன்று ரயில் கிடையாது. ஒரு காலத்தில் தம்பினிலிருந்து பாதை இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட எத்தனையோ பேர் மாண்டுபோனார்களே, அதே மரணப் பாதைதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பேருந்தில் போவோர் மலாக்கா சென்ட்ரலில் இறங்கி நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். வண்டியில் போவோர், விடுமுறை முதல் நாள் பொழுது விடியுமுன் கிளம்பிவிடுங்கள். நேரமாகிவிட்டால் ஆயர் கெரோ டோல் சாவடியிலேயே பாதி நாள் போய்விடும். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஜும்ஆ தொழுகைக்கு முன்பே ஊர் போய்ச் சேருவதுபோல் புறப்படுங்கள். நோன்பு மாதத்தில் இந்தப் பயணமே வேண்டாம்.

எதை எதைப் பார்ப்பது? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை வெயில் கொளுத்தும்; சாப்பாடு, தொழுகை, தூக்கம் என்று அந்த நேரத்தை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் மாலை செம்மண் நிறக் கட்டடங்கள் நிற்கும் சதுக்கம். டச்சுக்காரர் 1650ல் கட்டிய ஸ்டாடைஸ் மாளிகையும் 1753ல் கட்டி முடித்த தேவாலயமும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் 1511ல் வந்த போர்த்துக்கீசியரின் கோட்டைவாசல் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறது. மேட்டில் ஏற முடியாத பாட்டிமாருக்கு ஆற்றுப் படகு இருக்கிறது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம். திரிஷாவில் ஏறுவதற்கு முன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். மைகார்டை மறக்காதீர்கள்; பல இடங்களில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு.

இரண்டாம் நாள் அதிகாலை, கூட்டம் சேருமுன், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போங்கள். நம் இரு குடும்பமும் சேர்ந்து பார்க்க வேண்டிய தெரு இதுதான். 1748ல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. சில அடி தள்ளி 1781ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டின் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே தெருவில் இருநூறு ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த கப்பல்களில் தமிழ் இந்துக்களும் வந்தார்கள், தமிழ் முஸ்லிம்களும் வந்தார்கள். சுல்தான் ஆட்சியின் கடைசிக் காலத்தில் பெண்டஹாராவாக இருந்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர்தான். கூலிகளாகத்தான் இந்த மண்ணுக்கு வந்தோம் என்று தலைகுனியும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்று மாலை காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போய் வரலாம். அந்த வணிகர்களின் வழிவந்தோர் வீட்டில் மலாய் பேசி, பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தி, சைவம் மாறாமல் வாழ்கிறார்கள். அந்தி நேரத்துக்கு, 2006ல் கடலோரத்தில் திறக்கப்பட்ட மஸ்ஜித் செலாட். அவர்கள் தொழுது வரும்வரை நாம் கரையில் காற்று வாங்கலாம். உள்ளே பார்க்க விரும்பினால் தொழுகை இல்லாத வேளையில், அடக்கமான உடையில் போகவேண்டும்.

மூன்றாம் நாள் எதுவும் வேண்டாம். பசியாறிவிட்டு, பகல் ஆவதற்குள் கிளம்புங்கள். நேரம் இருந்தால் நெடுஞ்சாலையை விட்டு போர்ட்டிக்சன், பந்திங் வழியாகக் கடற்கரைச் சாலையில் மெல்ல வாருங்கள்.

செலவை இரு வீடும் முன்கூட்டியே பங்கு போட்டு ஓர் உறையில் வைத்துவிடுங்கள். கடை வாசலில் "நான் கொடுக்கிறேன், நீ கொடு" என்ற இழுபறி இருக்காது.

நாங்கள் அடுத்த ஆண்டு மறுபடியும் போனோம். இந்த முறை முதலில் அந்த அக்காவைக் கேட்டோம். கடையை அவரே தேர்ந்தெடுத்தார். அந்தச் சின்ன மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்த மீனின் முள்ளைத் தானே எடுத்துக்கொடுத்தாள்.

உங்கள் லயத்து அண்டை வீட்டார் இன்று எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். விடுமுறைக்கு இன்னும் நாளிருக்கிறது.