பெயர் இல்லாத மாத்திரை

தையல் எந்திரங்கள் கடகடவென்று ஓடுகின்றன. ஒரு பெண் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மாதவிலக்கு வலி. மேற்பார்வையாளர் வருகிறார். ஒரு மாத்திரையை நீட்டுகிறார். அவள் வாங்கி விழுங்குகிறாள். சிறிது நேரத்தில் வலி அடங்குகிறது. எந்திரம் மறுபடியும் ஓடுகிறது.

அது என்ன மாத்திரை? அவளுக்குத் தெரியாது. அதில் பெயர் இல்லை. கொடுத்தவர் டாக்டரும் அல்ல, நர்சும் அல்ல.

இப்படி நடப்பது கற்பனை அல்ல. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ம் ஆண்டு ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்குப் பெயர் இல்லாத மாத்திரைகளை வேலை இடத்திலேயே கொடுத்தார்கள் என்று அத்தனை பெண்களும் சொன்னார்கள். அதனால் உடம்பு கெட்டது என்று பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள்.

மருந்தா, எண்ணெயா?

"வலி என்றாள், மாத்திரை கொடுத்தோம். உதவி செய்வது தப்பா?" என்று சிலர் கேட்கலாம்.

உதவி தப்பு அல்ல. ஆனால் வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும். வலியின் காரணத்தைப் போக்காது. கருப்பையில் கட்டி இருந்தாலும் வலி வரும். மாதாமாதம் மாத்திரையால் வலியை மறைத்துக்கொண்டே போனால், உள்ளே இருக்கும் கட்டி யாருக்கும் தெரியாது. வலி மாத்திரைகளில் சில, வெறும் வயிற்றில் அடிக்கடி சாப்பிட்டால் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடி வரும் பெண்கள் எத்தனை பேர்!

டாக்டர் மருந்து கொடுக்கும்போது நோயாளியின் உடம்பை நினைக்கிறார். மேற்பார்வையாளர் மாத்திரை கொடுக்கும்போது, மாலைக்குள் முடிய வேண்டிய பீஸ் கணக்கை நினைக்கிறார். அந்த மாத்திரை மருந்து அல்ல. எந்திரம் ஓடுவதற்கு விடும் எண்ணெய்!

ஒரு டாக்டரின் கேள்வி

இத்தாலி நாட்டில் ராமசினி என்று ஒரு டாக்டர் இருந்தார். தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே போய்ப் பார்த்தார். எந்தத் தொழிலில் என்ன நோய் வருகிறது என்று 1700-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதே அந்தக் கேள்வி.

வேலை இடத்தில் மருத்துவம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கு மூச்சு கெடும். நாள் முழுதும் குனிந்து தைப்பவருக்கு முதுகு கெடும். இதை அறிந்த டாக்டர் நோயை முளையிலேயே பிடிப்பார்.

நமது நாட்டிலும் இதை உணர்ந்தே சட்டம் போட்டார்கள். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்றது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 500 பேருக்கு மேல் இருந்தால் சிகிச்சை அறையும், அதற்கு மருத்துவ ஊழியர்களும் வேண்டும் என்றது. மேற்பார்வையாளர் சட்டைப் பையில் மாத்திரை வைத்திருந்தால் போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நூற்றுக்கு 4 ரூபாய்

இ.எஸ்.ஐ. திட்டத்தை 1952-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். 2019 ஜூலையில் வந்த விகிதப்படி, 100 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 75 காசு. முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 காசு. இதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியவர் நோயில் படுத்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

இது தர்மம் அல்ல. தன் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு வாங்கிய உரிமை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால், அந்த உரிமை சீட்டில் மட்டுமே இருக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஆலையில் படித்துத் தேறிய நர்சு ஒருவர் இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அவர் தொழிலாளியிடம் சொல்லட்டும், நோட்டில் எழுதட்டும். ஒரே வலிக்கு ஒருவர் மாதாமாதம் வந்தால் டாக்டரிடம் அனுப்பட்டும். "இன்று ஓய்வு வேண்டும்" என்று நர்சு சொன்னால், அதை மாற்றும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இருக்கக் கூடாது.

முதலாளிக்கும் இதில் நஷ்டம் இல்லை. உடம்பு கெட்டுக் கைதேர்ந்த தொழிலாளி நின்றுவிட்டால், புதிய ஆளுக்குத் தொழில் பழக்க எத்தனை நாள் ஆகும்?

வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வேலை முடிந்து வரும் மகளிடம், "சம்பளம் போட்டார்களா?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. "உடம்பு எப்படி இருக்கிறது? ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா?" என்றும் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும் வீட்டுப் பெண்ணுக்குத் துணிவு வரும். அடுத்த முறை மாத்திரை நீட்டப்படும்போது, "இதன் பெயர் என்ன?" என்று அவளே கேட்பாள்.