கையெழுத்துப் போடும் முன் பில்லைக் கொண்டு வாங்க



இது பூஜை அறிவிப்பு இல்லை, கரண்டு பில் விஷயம். கோயில் பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது பெரியவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பதே இதுதான்.

தனியாக இருக்கும் பாட்டிமார் சிலர், வீட்டு வாசலுக்கு வந்தவர் பேச்சைக் கேட்டு வேறு மின் நிறுவனத்துக்கு மாறியிருக்கிறார்கள். என்ன திட்டம், எத்தனை மாத ஒப்பந்தம் என்று கேட்டால் தெரியவில்லை. "பாவம், வெயில்ல வந்த பிள்ளை, போட்டுக் குடுத்துட்டேன்" என்கிறார்கள்.

திறந்த மின்சாரச் சந்தை 2018ல் ஜூரோங்கில் தொடங்கி, 2019க்குள் சிங்கப்பூர் முழுக்க வந்தது. அதற்கு நாங்கள் எதிரி இல்லை. ஏர்கோன் ஓடும் வீடு, மாதம் 500 யூனிட் போகிறது என்றால், யூனிட்டுக்கு 2 காசு குறைந்தாலே 10 வெள்ளி மிச்சம். தாராளமாக மாறுங்கள். 100 யூனிட்கூடத் தாண்டாத பாட்டிக்கு அதே கணக்கில் 2 வெள்ளிதான். நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் கேட்கும் கட்டணத்தில் அதுவும் போய்விடும். நிலையான விலைத் திட்டம் என்றால் இன்னொன்றும் இருக்கு. எஸ்பி கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். அது இறங்கினாலும் உங்கள் விலை இறங்காது.

"எங்க கரண்டு நல்ல கரண்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. யாரிடம் வாங்கினாலும் வருவது அதே எஸ்பி கம்பியில்தான். 2021 கடைசியில் ஐஸ்விட்ச் உட்பட சில நிறுவனங்கள் சந்தையை விட்டுப் போனபோதும் யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை.

எங்களைக் கேட்டால், தனியாக இருக்கும் பெரியவர்களிடம் வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்குவதே தப்பு. பிள்ளைகள் மீதும் எங்களுக்கு வருத்தம் உண்டு. தைப்பூசத்துக்கு அம்மாவைக் காரில் கூட்டி வருகிறீர்கள். அவர் பில்லை எப்போ பார்த்தீங்க?

அதைவிட மனசுக்குக் கஷ்டமான விஷயம், பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபேனை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் படுப்பவர்கள். சாதாரண ஃபேன் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் வராது. யூனிட் 30 காசு என்று வைத்தால், விடிய விடிய போட்டாலும் 30 காசுக்குள்தான். தண்ணீர் ஹீட்டர் இருபது நிமிஷத்தில் அதைத் தின்றுவிடும். ஃபேனைப் போட்டுத் தூங்குங்க பாட்டி. வீவக வீடுகளில் தகுதி உள்ளவர்களுக்கு யு-சேவ் கழிவும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் தானாகவே கணக்கில் வரும். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், வருகிற லிங்க்கைத் தட்டவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் மண்டபத்தில்தான் இருப்போம். பில்லையும் ஒப்பந்தத் தாளையும் எடுத்து வாங்க, உட்கார்ந்து படிச்சுப் பார்க்கலாம். சிங்பாஸ் கடவுச்சொல்லை மட்டும் எங்களிடம்கூடச் சொல்லாதீங்க.