எந்த அரபியைக் கற்கப் போகிறோம்?

கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள். சூரத்துல் ஃபாத்திஹாவின் ஏழு வசனங்கள் இதுவரை எத்தனை ஆயிரம் முறை நம் நாவைக் கடந்திருக்கும்! அவற்றுள் எத்தனை சொற்களின் பொருள் நம் உள்ளத்தைத் தொட்டிருக்கும்?

என் தந்தையார் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வளைகுடாவில் உழைத்தவர். 'ஷ்லோனக்' என்று நலம் விசாரிப்பது முதல் கடைத்தெருவில் விலை பேசுவது வரை அரபி அவருக்குத் தடையின்றி வரும். ஊர் திரும்பியபின் ஒரு ரமளானில், தராவீஹ் முடிந்து வரும் வழியில் சொன்னார்: "இத்தனை வருஷம் அரபியில்தான் பேசிப் பிழைச்சேன் தம்பி. இமாம் ஓதுறது மட்டும் விளங்கலையே."

அவர் கற்றதில் குறையில்லை. பிழைப்புக்கு வேண்டிய மொழியைக் கற்றார். ஆனால் வளைகுடாவின் பேச்சு வழக்கு வேறு, குர்ஆனின் அரபி வேறு. நாமோ 'அரபி கற்பது' என்பதை ஒரே காரியமாக எண்ணிக்கொள்கிறோம். ஒன்று, மத்ரஸாவில் பல ஆண்டுகள் தங்கி ஆலிமாக வேண்டும். இல்லையேல், விசா வந்ததும் '30 நாட்களில் அரபி' நூலைப் புரட்ட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் வழியே இல்லை என்று எண்ணிப் பெரும்பாலோர் ஒதுங்கிவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள், யூதர்களுடனான கடிதப் போக்குவரத்துக்காக அவர்களது எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்துக்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் காண்கிறோம். அவருடைய கூர்மதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அங்கே நோக்கம் தெளிவாக இருந்தது. அந்த நோக்கமே பாடத்தின் எல்லையை வகுத்தது. நிய்யத்தை முதலில் சரிசெய்வது அமல்களுக்கு மட்டுமன்று, கல்விக்கும் பொருந்தும்.

தொழுகையில் ஓதுவதை விளங்குவதே நம் நோக்கம் என்றால், நாம் வெறுங்கையுடன் தொடங்கவில்லை. அரபிச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேர்களிலிருந்து கிளைப்பவை. நாம் செய்யும் 'அமலும்' ஊரார் சொல்லும் 'மாமூலும்' ஒரே வேரின் கிளைகள். 'வக்கீலும்' 'தவக்குலும்' அப்படியே. நீதிமன்றத்தில் 'ஆஜர்' ஆகிறோமே, அதன் வேரும் பள்ளிவாசல் 'ஹஜ்ரத்' என்பதன் வேரும் ஒன்றே. இப்படி ஒரு வேரைப் பற்றினால் பல சொற்கள் கைக்கு வரும்.

இலக்கண ஒழுங்கோடு படிக்க விரும்புவோருக்கும் வழியுண்டு. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் வா. அப்துர் ரஹீம் அவர்கள், அரபி அறியாத மாணவர்களுக்காக எழுதிய மூன்று பாகப் பாடநூல் இன்று உலகெங்கும் பயிலப்படுகிறது. அவர் பிறந்தது நமது வாணியம்பாடியில். அடுப்படி வேலைக்கிடையே ஒலிப்பதிவைக் கேட்டுக் கற்கும் சகோதரியின் வழியும், சிறிய சூராக்களைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கற்கும் முதியவரின் வழியும் இவற்றுக்குக் குறைந்தவை அல்ல. அடுத்தவரின் வேகத்தைப் பார்த்து நம் வழியைக் கைவிட வேண்டியதில்லை.

ஆயினும் இரண்டு எல்லைகளை மறத்தலாகாது. முதலாவது, உச்சரிப்பு. அடிநாவிலிருந்து எழுந்தால் 'கல்ப்' என்பது உள்ளம். ஒலி சற்று முன்னே நகர்ந்தால் அதுவே நாய். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதற்கு ஓர் உஸ்தாதின் செவி வேண்டும். இரண்டாவது, நூறு சொற்கள் விளங்கிவிட்டதால் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி வந்துவிடாது. விளங்கித் தொழுவதற்காகக் கற்றதை ஆலிம்களோடு வாதிடும் ஆயுதமாக்குவது, கல்வியின் பரக்கத்தைப் போக்கிவிடும்.

என் தந்தையார் இப்போது நாளொரு சொல்லாகக் குறிப்பேட்டில் எழுதிவருகிறார். 'யவ்மித்தீன்' என்ற இடத்துக்கு வந்தபோது எழுதுகோலை வைத்துவிட்டார். கூலிக் கணக்குப் பார்க்கையில் அவர் எண்ணி எண்ணிச் சொன்ன 'யோம்' அதிலே இருந்தது. "நாள் தெரியும் தம்பி. எந்த நாள்னுதான் இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு" என்றார்.

ஓதுவதை விளங்கி ஓதும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.