ஐஸ் பெட்டி நிரம்பணுமாம்!

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. அதனாலேயே அந்த ஊர் நண்பர்களுக்குக் கடல் மேல் ஒரு வெறி. வீட்டுக்குப் பின்னால் கல்வராயன் மலை இருக்கிறது, மேகம் அருவி இருக்கிறது, காச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணை இருக்கிறது. அதெல்லாம் கண்ணில் படாது. நாலு பேர் சேர்ந்தால், ‘பரங்கிப்பேட்டை போலாமாடா, தூண்டில் போடலாம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

போகட்டும் சார். சம்பாதிக்கிறார்கள், லீவு போடுகிறார்கள், வெயிலில் உட்கார்ந்து மீனுக்குக் காத்திருக்கிறார்கள். டி.வி. முன்னால் படுத்துக் கிடப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. முதல் நாள் பொறுமையாகக் கற்றுக்கொள்கிறார்கள். ரெண்டாம் நாள், குட்டி மீன் மாட்டினால் ‘பாவம்டா’ என்று தண்ணீரில் விடக்கூடச் செய்கிறார்கள்.

என் சண்டையெல்லாம் கடைசி நாளோடுதான்.

கடைசி நாள் காலையில் அதே ஆட்கள் வேறு ஆட்களாக மாறிவிடுகிறார்கள். சொந்தக்காரர்களிடம் சொல்லியாச்சு, பக்கத்து வீட்டில் சொல்லியாச்சு. ஐஸ் பெட்டி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. உள்ளங்கை நீளக் கொடுவாவா? போடு உள்ளே. விரலளவு கிழங்கானா? போடு. படகுக்காரர், ‘அது குஞ்சு சார், விட்ருங்க’ என்றால், ‘அண்ணே, காசு கொடுத்துதானே வந்திருக்கோம்?’ என்று பதில் வருகிறது. நான் கூடப் போயிருந்த பயணத்திலும் இந்த வசனம் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார்.

காசு எதற்குக் கொடுத்தீர்கள்? படகுக்கு, டீசலுக்கு, அந்த மனிதரின் உழைப்புக்கு. மீனுக்கு யாரிடம் கொடுத்தீர்கள்? பில் இருந்தால் காட்டுங்கள்.

கொடுவாயைப் பற்றி ஒரு விஷயம். கடலில், ஆறு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் முட்டையிடுகிற மீன் அது. குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளரும். ஆற்றில் தண்ணீர் இருந்தால் மேலேகூட ஏறி வரும். வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையும், பக்கத்தில் பிச்சாவரம் சுரபுன்னைக் காடும் அதற்குப் பிள்ளை வளர்க்கிற வீடு மாதிரி. இன்னொரு அதிசயம்: கொடுவா முதலில் ஆணாகத்தான் வளரும். சில வருடம் கழித்து, பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். ஆக, இரண்டு கையிலும் ஏந்தி நீங்கள் போட்டோ எடுத்துக்கொள்கிற அந்தப் பெரிய மீன் அநேகமாகத் தாய். பருவத்தில் அதன் வயிற்றில் பல லட்சம் முட்டை இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. பெரிய கொடுவா மூலதனம். குஞ்சு, இன்னும் முடியாத சரக்கு. நடுவில் இருப்பதுதான் சாப்பிட வேண்டிய லாபம். மூலதனத்தையும் அரைகுறைச் சரக்கையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போகிறவனை எந்தக் கம்பெனியும் பார்ட்னராகச் சேர்க்காது.

இதையே ஆஸ்திரேலியாவில் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கொடுவாய்க்குப் பெயர் பாரமுண்டி. குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் விடணும், 120-க்கு மேலே போனாலும் விடணும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் தேதியிலிருந்து மூன்று மாதம் அதைப் பிடிக்கவே கூடாது. அங்கேயும் நண்பர்கள் சேர்ந்துதான் போகிறார்கள். கூடவே ஒரு அளவுகோலும் போகிறது. அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்துக் கேரளாவில் 58 வகை மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். இங்கே தூண்டிலும் ரீலும் விற்கிற கடைக்காரர் என்றைக்காவது ‘இந்த அளவுக்குக் கீழே பிடிக்காதீங்க’ என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறாரா?

‘டிராலர்காரன் டன் கணக்கில் அள்ளுறான், எங்க நாலு தூண்டில்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?’ என்பீர்கள். தெரிந்த கேள்விதான். டிராலர் செய்கிற அநியாயத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அவனுக்கு வருடத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் படகு கரையில் கிடக்கும், வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும். அரசு தருகிற நிவாரணம் 2024 கணக்குப்படி குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 131 ரூபாய். மீனை நம்பிப் பிழைக்கிறவன் 61 நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். பொழுதுபோக்குக்கு வந்த நமக்கு ஒரு நாள் பெட்டி குறைந்தால் மானம் போகிறதா?

மலைக்கு வாருங்கள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு மலையாளி இனத்துப் பெண் தலையில் விறகுச் சுமையோடு இறங்கினால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார். கடுக்காய் மூட்டைக்கும் கேள்வி உண்டு. அந்தக் காட்டிலேயே தலைமுறையாக வாழ்கிற ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதவே 2006-ல்தான் சட்டம் வந்தது. கார் டிக்கியில் குஞ்சும் தாயுமாக ஏற்றிக்கொண்டு போகிற நம்மை நிறுத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சிக்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, கடைசியில் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டைக்குப் போகிறது. 46 அடி கோமுகி அணை நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கொடுவாக்குஞ்சுக்கும் போய்ச் சேரும். நீங்கள் அங்கே வெறும் டூரிஸ்ட் இல்லை சார், மேல்மடைக்காரர். அணை, தடுப்பணை, மணல் அள்ளிய பள்ளம் எல்லாம் தாண்டி வெள்ளாற்றில் தண்ணீர் போவதே வருடத்தில் கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளில் பிழைத்து வந்ததைத்தான் கடைசி நாளில் பெட்டிக்குள் அமுக்குகிறீர்கள்.

சரி, அமுக்கின மீன் என்ன ஆகிறது? புவனகிரி, சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓடுகிறது. நடுவில் சாப்பாடு, டீ, அரட்டை. ஐஸ் பாதி தண்ணீராகிவிடும். வீட்டுக்கு வரும்போது ராத்திரி பதினொன்று. ‘இந்நேரத்துக்கு இதை யாரு ஆயறது?’ என்று வீட்டம்மா கேட்பார். நியாயமான கேள்வி. ட்ரிப்புக்குக் கூப்பிடாதவரை மீன் ஆய மட்டும் கூப்பிட்டால்? பெரியது ரெண்டு ஃப்ரிட்ஜுக்குள் போகும். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் பையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ‘எங்க வீட்ல இன்னிக்கு சஷ்டிங்க’ என்பார். குட்டி மீன்கள் குப்பைத்தொட்டிக்கு.

அடுத்த முறை கிளம்பும்போது தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். விலை ரொம்பக் குறைச்சல். ஐஸ் பெட்டியில் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். படகுக்காரர் ‘விட்ருங்க சார்’ என்றால், விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு மீன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பரங்கிப்பேட்டையில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் ரெண்டு கிலோ வாங்குங்கள். தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள்.