படிப்புக்கு வாய்தா கூடாது!

'420 பேர்வழி' என்று ஊரெல்லாம் சொல்கிறோம். ஆனால் புதிய சட்டத்தில் 420-வது பிரிவே கிடையாது! அதில் இருப்பதே மொத்தம் 358 பிரிவுகள்தான்.

2024 ஜூலை 1-ந் தேதி ஒரே நாளில் மூன்று பெரிய சட்டங்கள் மாறின. மோசடிக்கு 318. கொலைக்கு 302 போய் 103. பழைய 482 என்றால் ஐகோர்ட்டின் தனி அதிகாரம். புதிய 482 என்றால் முன்ஜாமீன்! அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கோ பழைய தண்டனைச் சட்டம்தான். ஆக, இரண்டும் தெரிந்தால்தான் வக்கீல்.

"அது வக்கீல் பாடு, நமக்கென்ன?" என்கிறீர்களா?

கடைக்காரர் ஒருவருக்கு வந்த செக் திரும்பிவிட்டது. தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். வக்கீல் அசந்தால் கேஸ் போச்சு! வியாபார பாக்கி 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அவசர உத்தரவும் கேட்கவில்லை என்றால், முதலில் சமரசத்துக்குப் போகவேண்டும். போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இது தெரியாத வக்கீலிடம் மாட்டினால், ஃபீசும் காலமும் யாருக்கு நஷ்டம்? கட்சிக்காரருக்குத்தான்!

இன்றைய நிலை என்ன? சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, 2011-ல் வந்த அகில இந்திய பார் தேர்வில் ஒரு முறை பாஸ். அவ்வளவுதான். அப்புறம் நாற்பது வருஷம் புத்தகத்தையே தொடாவிட்டாலும் கேட்பாரில்லை.

டாக்டர்களுக்கு 5 ஆண்டில் 30 மணி நேரம் தொடர் படிப்பு வேண்டும் என்று 2002-லேயே விதி வந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் வக்கீல்கள் 3 ஆண்டுக்கு 36 மணி நேரம் படித்தாக வேண்டும். நியூயார்க்கில் 2 ஆண்டுக்கு 24 மணி நேரம். இங்கே மட்டும் ஏன் கூடாது?

"கோர்ட்டே எங்களுக்குக் கல்லூரி" என்பார்கள் சிலர். உண்மைதான். நல்ல வக்கீல் யாரும் சொல்லாமலே ராத்திரி கண் விழித்துப் படிக்கிறார். விதி அவருக்காக அல்ல, படிக்காதவருக்காக! ஜூனியர்களின் கஷ்டமும் நியாயமானதே. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய வரும்படி போய்விடும்.

அதனால் வகுப்பை சனிக்கிழமை வையுங்கள். தமிழில் நடத்துங்கள். ஜூனியர்களுக்குக் கட்டணம் வேண்டாம். தாலுகா கோர்ட்டு வக்கீலும் செல்போனில் பார்க்க வழி செய்யுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்கு நழுவுகிற வகுப்பாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். முடிவில் சின்னதாக ஒரு தேர்வு இருக்கட்டும்.

பார் கவுன்சில் இதற்கு உடனே முன்வர வேண்டும். கேஸுக்கு வாய்தா வாங்கலாம். படிப்புக்கு வாய்தா வாங்கினால் ஜெயிலுக்குப் போவது வக்கீல் அல்ல, அவரை நம்பி வந்தவர்!