வாசலில் கழற்றக்கூடாத காலணி

மாமாவின் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். ஐந்து காசு நாணயத்தின் அகலம்தான் இருக்கும். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. கேம்பல் லேனில் ஒரு கடையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்பவர். “வலியே இல்லம்மா, தானா ஆறிடும்” என்பார்.

வலி இல்லாததுதான் சிக்கல். நீரிழிவால் பாத நரம்புகள் உணர்விழந்துவிட்டால், புண்ணின் மீதே நடப்பது நமக்குத் தெரிவதில்லை. நல்ல மருந்து போட்டுக் கட்டினாலும், ஒவ்வோர் அடியிலும் உடல் எடை புண்ணை நசுக்கிக்கொண்டே இருக்கும்.

இதைத் தெளிவாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று நம் வேலூர். 1946ல் அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் அழுகும் சதை அன்று, உணர்வில்லாத பாதத்தில் விழும் அழுத்தமே என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டதும் புண்கள் ஆறின. 1960களில் அவர் அமெரிக்கா சென்ற பிறகு, அதே முறை நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்பட்டது. கட்டு, பாதம் முழுவதிலும் கெண்டைக்காலிலும் எடையைப் பகிர்ந்துவிடுவதால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது.

மாமாவுக்குக் கொடுத்தது முழங்கால்வரை வரும், கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ். கடையில் ஒழுங்காகப் போட்டிருந்தார். ஆனாலும் புண் அப்படியே இருந்தது. பாதநல மருத்துவர் கேட்டார்: “வீட்டுக்குள் எப்படி நடக்கிறீர்கள்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாசலிலேயே கழற்றிவிடுவார். வீட்டுக்குள் காலணியா?

2003ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகளுக்குத் தெரியாமல் பூட்ஸுக்குள் அடி எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். நடந்த 100 அடிகளில் ஏறத்தாழ 28 அடிகளில்தான் அதைப் போட்டிருந்தார்கள். கழற்ற முடியாத கட்டை மருத்துவர்கள் பெரிதும் விரும்புவது இதனால்தான். ஆனால் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் கிருமித்தொற்று கடுமையாக உள்ளவர்களுக்கும் அது பொருந்தாமல் போகலாம். எது தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

இப்போது அத்தை வாசலில் ஈரத்துணி வைத்திருக்கிறார். பூட்ஸின் அடியைத் துடைத்துவிட்டு மாமா அப்படியே உள்ளே வருகிறார். இரவில் அது கட்டிலருகே இருக்கும். கழிவறைக்கு நாலு அடி நடந்தாலும் போட்டுக்கொள்ளவேண்டும். சாமி அறைக்கு வெளியே நாற்காலி போட்டாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் போகாமல், சிராங்கூன் சாலையில் நின்றே கோபுரத்தைக் கும்பிடுகிறார். “அவளுக்குத் தெரியாதா என் கால் நிலைமை?” என்கிறார்.

புண் இப்போது சுருங்கி வருகிறது. ஆறிய பிறகும் வெறுங்கால் நடை கூடாதாம்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், இன்றிரவு அவர் பாதத்தின் அடியைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கொப்புளம், நீர்க்கசிவு இருந்தால் தள்ளிப்போடாமல் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். புண்ணுடன் காய்ச்சலும் இருந்தால் மருத்துவமனைக்கே விரையுங்கள். ஏற்கெனவே பூட்ஸ் கொடுத்திருந்தால், அது வாசலில் கிடக்கிறதா, காலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.